ஏழாம் எண் அச்சு

கண்ணாடி வேலை கற்றுக்கொள்ளப் போன என்னை, முதல் மூன்று வாரம் அக்கா கண்ணாடியைத் தொடவே விடவில்லை. சென்னையில் அவர் வீட்டு மொட்டைமாடி ஷெட்டில் ஒரு மின்சூளை, பக்கத்து அலமாரியில் வரிசையாக மண் அச்சுகள். "முதல்ல இதுங்களைப் பார்த்துக்கக் கத்துக்கோ. கண்ணாடி எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார்.

வேலை என்னவோ சொல்ல எளிது. வட்டமாக வெட்டிய ஜன்னல் கண்ணாடியைக் குழிவான அச்சின் மேல் வைத்து, சூளையை 720 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏற்ற வேண்டும். கண்ணாடி இளகி, தன் எடையிலேயே குழிக்குள் இறங்கித் தட்டாகிவிடும். இதற்கு ஸ்லம்பிங் என்று பெயர். ஊதுவதும் இல்லை, தட்டுவதும் இல்லை. தட்டின் அழகும் குறையும் பாதிக்கு மேல் அச்சைப் பொறுத்தவை.

அச்சுகளை மண்பாண்டம் செய்யும் ஓர் அண்ணன் செய்து தருவார். சூடு தாங்குவதற்காகப் பழைய ஓட்டைப் பொடித்து மண்ணில் கலப்பார். ஊர்ச் சூளையில் வெந்தது அக்காவுக்குப் போதாது. தெரிந்தவர் ஒருவரின் பீங்கான் சூளையில் 1000 டிகிரியில் மறுபடி சுட்டு வாங்குவார். கண்ணாடிக்கு வைக்கும் சூட்டைவிட அதிக சூட்டில் வெந்த மண்தான் பிறகு சுருங்காமல், கோணாமல் நிற்கும். மெருகு பூசவே கூடாது. பூசினால் மேல்பூச்சு ஒட்டாது, மெருகு உருகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.

கண்ணாடி அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசும் அந்த மேல்பூச்சுதான் கில்ன் வாஷ். அலுமினாவும் சீனாக்களிமண்ணும் கலந்த பொடி. எங்கள் பொடியில் ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர்; பால் போலக் கரையும். அடியில் படிந்துகொண்டே இருக்கும் என்பதால், தூரிகையைத் தோய்க்கும் ஒவ்வொரு முறையும் கலக்க வேண்டும். மேலிருந்து கீழாக ஒரு கை, இடமிருந்து வலமாக ஒரு கை, பிறகு இரண்டு மூலைவாட்டாக. மென்மையான ஆட்டுமுடித் தூரிகையை அழுத்தாமல் இழுக்க வேண்டும். நான் அழுத்தி இழுத்த ஓர் இடத்தில் முடியின் தடம் விழுந்தது. அந்தத் தடம் அப்படியே தட்டின் அடியில் பதிந்து வந்தது. பூசி முடித்ததும் அச்சின் அடியிலுள்ள சிறு துளைகளைக் குண்டூசியால் குத்தித் திறக்க வேண்டும். அவை அடைபட்டால் உள்ளே சிக்கிய காற்று கண்ணாடியைக் கொப்புளமாகத் தூக்கிவிடும்.

ஓர் ஐப்பசியில் நல்ல மழை. இரண்டு வாரமாகத் தொடாத அச்சை அலமாரியிலிருந்து எடுத்து, கண்ணாடி வைத்து, வழக்கமான வேகத்தில் சூளையை ஏற்றிவிட்டேன். மறுநாள் திறந்தால் அச்சு இரண்டாகப் பிளந்திருந்தது. கண்ணாடி அந்தப் பிளவின் மேலேயே மடங்கிக் கிடந்தது. தொட்டுப் பார்த்தபோது உலர்ந்ததாகத்தான் இருந்தது. ஆனால் சுட்ட மண் காற்றிலிருந்தே ஈரத்தைக் குடித்துவிடும். அந்த ஈரம் வேகமாக ஆவியானால் மண்ணுக்குத் தாங்காது. அக்கா திட்டவில்லை. உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. அன்றிலிருந்து, மழைக்காலத்தில் கண்ணாடி இல்லாமல் அச்சை மட்டும் மெதுவாக 260 டிகிரி வரை ஏற்றி, கொஞ்ச நேரம் நிறுத்தி, ஆறவிட்ட பிறகே வேலை. 573 டிகிரியைக் கடக்கும்போதும் அவசரம் ஆகாது. மண்ணிலுள்ள குவார்ட்ஸ் அந்தச் சூட்டில் சட்டென்று உருமாறிப் பருக்கும்.

இன்னொரு பாடத்தைக் கண்ணாடியே கற்றுக் கொடுத்தது. குழிவான அச்சைக் கவிழ்த்து, அதன் முதுகின் மேல் கண்ணாடியைப் போர்த்தினால் என்ன என்று எனக்கு ஆசை. இறங்கியதும் அழகாகத்தான் இறங்கியது. ஆறும்போது விரிசல் விட்டது. ஆறுகையில் மண்ணைவிடக் கண்ணாடி அதிகம் சுருங்கும். 30 செ.மீ. கண்ணாடி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறுகிவிடும். குழிக்குள் இருந்தால் சுவரை விட்டு விலகிக்கொள்ளும். முதுகின் மேல் இருந்தால் மண்ணை இறுகப் பிடித்துத் தானே உடையும். முதுகின் மேல் போர்த்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அச்சுதான் சரி. எஃகு கண்ணாடியைவிடவும் அதிகம் சுருங்கி வழிவிடும்.

ஸ்லம்பிங் சூட்டில் பூச்சு கெடாது. கீறலோ உதிர்வோ இல்லாவிட்டால் ஒரே பூச்சில் பல முறை சுடலாம். உதிர்ந்தால் அதன் மேலேயே பூசக் கூடாது, மெதுவாகச் சுரண்டி எடுத்துவிட்டுப் பூச வேண்டும். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் கட்டாயம், தரையையும் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அடுக்கும்போது அச்சுக்கு அச்சு நடுவே செய்தித்தாள் வைக்கிறோம். எடுக்கும் ஒவ்வொரு முறையும், சந்தையில் பானை வாங்குகிறவர்கள் செய்வதுபோல விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிறோம். கணீரென்றால் நல்லது. மொத்தென்று ஒலித்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட வேண்டும்.

அச்சின் அடியில் பென்சிலால் எழுதினால் சூளையில் எரிந்து போகும். அதனால் ஆணியால் எண் கீறி, கணக்கை நோட்டில் எழுதுகிறோம். பிளந்துபோனதற்குப் பதிலாக அந்த அண்ணன் செய்து கொடுத்தது ஏழாம் எண் அச்சு. நேற்றோடு அது 63 முறை சூளைக்குள் போய் வந்திருக்கிறது. இன்று காலையும் தட்டிப் பார்த்தேன், கணீரென்றது.