தண்ணீர்மலையில் ஒரு மாலை

பினாங்குக்குப் போகிறவர்கள் தண்ணீர்மலை முருகனைத் தரிசிக்காமல் திரும்புவதில்லை. தைப்பூசக் கூட்டத்தோடு அந்த 513 படிகளை நீங்களும் ஏறியிருப்பீர்கள். ஆனால், கூட்டமில்லாத ஒரு நாளில், நெஞ்சு நிறையப் பயத்தோடு அங்கே போயிருக்கிறீர்களா? நான் போயிருக்கிறேன்.

என் அக்காளுக்கு மார்பில் கட்டி. புற்றுநோய் என்று சொன்ன டாக்டர், அறுவைச் சிகிச்சைக்கு நாளும் குறித்துவிட்டார். கெடாவில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர் அக்காள். காட்டில் பாம்பைக் கண்டும் அஞ்சாதவருக்குக் கத்தி என்றதும் உறக்கம் போயிற்று. ஒரு வாரம் முன்னதாக இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தின்மேல் பஸ் ஓடும்போது, "வேண்டாம் தம்பி, சாமியைக் கும்பிட்டுட்டு வீட்டுக்கே போயிடுவோம்" என்றார்.

பரிசோதனை முடிந்ததும் தண்ணீர்மலைக்குப் போனோம். முழங்கால் வலியால் அக்காளால் படியேற முடியவில்லை. அடிவாரத்தில் நின்றே கும்பிட்டுவிட்டு, அதே சாலையில் உள்ள தாவரவியல் பூங்காவுக்கு நடந்தோம். 1884இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்ற வெள்ளைக்காரர் உருவாக்கிய பூங்கா அது. சுற்றிலும் மலை, நடுவே ஓடை. அடிமரத்திலேயே பூத்துக் குலுங்கும் நாகலிங்க மரங்களின் வாசம் தூரத்திலேயே வந்துவிடும்.

ஒரு மரத்தருகே அமர்ந்தோம். ஆஸ்பத்திரித் தாதி ஒருவர் காலையில் சொல்லித் தந்ததை அக்காளுக்கு நினைவூட்டினேன். வயிற்றின்மேல் கையை வையுங்கள். மூச்சை மெதுவாக இழுங்கள். இழுத்ததைவிட மெதுவாக விடுங்கள். பயம் வந்தால் விரட்டாதீர்கள். வந்திருக்கிறது என்று அறிந்துகொண்டு, மறுபடி மூச்சைக் கவனியுங்கள். அவ்வளவுதான்.

முதலில் அக்காள் அழுதார். பிறகு கண்ணை மூடினார். கால்மணி நேரம் கழித்து, "மங்குல பால் சொட்டுறதைப் பார்க்கிற மாதிரி இருக்கு தம்பி" என்றார். அவசரப்படுத்தினால் பால் வேகமாக வராது என்பது அவர் கை அறிந்த பாடமல்லவா!

இது மந்திரமன்று, வாசகர்களே. தியானம் கட்டியைக் கரைக்காது. சிகிச்சைக்கு அது மாற்றும் அன்று. நீளமாக மூச்சு விடும்போது நெஞ்சின் படபடப்பு தணிகிறது. புற்றுநோயாளரின் மனக்கவலையைக் குறைக்க இத்தகைய தியானப் பயிற்சி ஏற்றது என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டியும் கூறுகிறது.

வீடு திரும்பிய அக்காள் நாள்தோறும் விடியலில் வாசற்படியில் அமர்ந்து பழகினார். குறித்த நாளில், தள்ளுகட்டிலில் அறுவைக் கூடத்துக்குள் போகும்போது அவர் முகத்தில் பயம் இல்லாமலில்லை. ஆனால் கை வயிற்றின்மேல் இருந்தது. காயம் ஆறிவிட்டது, மற்றச் சிகிச்சைகள் நடந்துவருகின்றன.

உங்கள் வீட்டிலும் யாராவது கத்திக்குப் பயந்து நாளைத் தள்ளிப்போடுகிறார்களா? அந்தப் பயத்தை டாக்டரிடமும் தாதியிடமும் கூசாமல் சொல்லச் சொல்லுங்கள். நேரம் கிடைத்தால் ஒரு மரத்தடிக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். தண்ணீர்மலைதான் வேண்டுமென்பதில்லை, உங்கள் வீட்டு வாசல் மாமரமும் போதும்.