தாத்தாவின் பேட்டரியும் பேரனின் ரயிலும்

போடிநாயக்கனூருக்கு ரயில் வந்தது 1928-ல். மதுரையிலிருந்து 90 கிலோமீட்டர் ஓடிய அந்த மீட்டர்கேஜ் ரயில், அகலப்பாதைப் பணிக்காக 2010 கடைசியில் நின்றுபோனது. மறுபடி ஊருக்குள் ரயில் சத்தம் கேட்டது 2023 ஜூனில்தான். என் மகன் பிறந்தது ரயிலே இல்லாத போடியில்.

ஏலக்காய் மூட்டையோடு தான் போய்வந்த அந்தப் பாதையைப் பேரனுக்குக் காட்ட வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. பிளைவுட் பலகையில் குட்டித் தண்டவாளம் போட ஆரம்பித்தார்கள். நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு அளவுள்ள 'எச்.ஓ.' ரக எஞ்சின்.

நிஜப் பாதை மலையடிவாரத்தில் எங்கள் ஊரோடு முடிந்துவிடும். அதற்கு மேலே 17 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸும் ஜீப்பும்தான். பேரனுக்கு அது போதவில்லை. "நம்ம ரயில் போடிமெட்டு வரைக்கும் ஏறணும் தாத்தா!"

சரி, கரன்ட்?

"எதுக்கும்மா காசைக் கரியாக்குற? பழைய பைக் பேட்டரி சும்மாதான கெடக்கு. ரெண்டுமே 12 வோல்ட்டுதான்" என்றார் அப்பா.

வோல்ட் கணக்கு சரிதான். நான் பார்த்தது ஆம்பியரை. இந்த எஞ்சினுக்கு அரை ஆம்பியர் போதும். ஆனால், தண்டவாளத்தின் குறுக்கே ஒரு ஸ்பூன் விழுந்தால், பைக் பேட்டரி பல பத்து ஆம்பியரைக் கொட்டிவிடும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது; ஆனால் ஒயர் பழுத்துத் தீப்பிடிக்கலாம். விளையாடப்போவது பத்து வயதுப் பையன்.

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. கஷ்டமாகத்தான் இருந்தது. இருந்தாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

12 வோல்ட் டி.சி., 1 ஆம்பியர் அடாப்டர் வாங்கினோம். கூடவே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகும், பிளஸ் மைனஸை மாற்றி ரயிலைப் பின்னால் ஓட்டும் சுவிட்சும் உள்ள கன்ட்ரோலர். ஷார்ட் ஆனால் தானே நின்றுவிட வேண்டும் என்பதைக் கேட்டுக் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். ஏற்றத்தில் எஞ்சின் கூடுதலாக இழுக்கும். அதற்கும் 1 ஆம்பியர் தாங்கும். ஸ்டேஷன் விளக்குகளுக்குத் தனி அடாப்டர்.

முதல் ஓட்டத்தில் அப்பா ஒன்றும் பேசாமல் ஒரு ரூபாய்க் காசை எடுத்துத் தண்டவாளத்தின் குறுக்கே வைத்தார். ரயில் டக்கென்று நின்றது. காசை எடுத்தார், ஓடியது. இரண்டு தடவை செய்து பார்த்துவிட்டு, "நிக்கத் தெரிஞ்ச வண்டிதான்" என்றார். அடுத்த வாரம் பேட்டரி பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது.

நான்கு பெட்டிகளோடு போடிமெட்டு ஏறும்போது மட்டும் சக்கரம் வழுக்கியது. "பெரிய அடாப்டர் வாங்குவோமா?" என்றான் மகன். வழுக்கும் சக்கரத்துக்கு எவ்வளவு கரன்ட் கொடுத்தும் பயனில்லை. இரண்டு பெட்டிகளைக் கழற்றினோம், ஏறிவிட்டது.

உங்கள் வீட்டிலும் குட்டி ரயில் இருந்தால், அடாப்டரைத் திருப்பி வோல்ட், ஆம்பியர், டி.சி. மூன்றையும் படித்துப் பாருங்கள். இடி இடித்தால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மலையடிவாரத்தில் இருக்கும் எங்களுக்கு அது அடிக்கடி வரும் வேலை.