கசிவைத் தேடி

தில்லியின் மே மாத வெயிலை அறிந்தவர்களுக்கு அதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஆசாத்பூர் மண்டியிலிருந்து காய்கறி ஏற்றிச் செல்ல, அப்பா ஒரு பிக்கப் வண்டி வைத்திருந்தார். பழைய வண்டி, பிறரிடமிருந்து வாங்கியது. ஒவ்வொரு கோடையிலும் அதன் ஏசிக்குக் கேஸ் நிரப்புவோம். இரண்டே மாதங்களில் மீண்டும் அனற்காற்றுதான் வரும். ஒருநாள் நண்பகலில் அப்பா வெப்பம் தாங்காமல் வண்டியைச் சாலையோரம் நிறுத்தி, மயங்கிச் சாய்ந்துவிட்டார். வண்டியை விற்றுவிடலாம் என்றார் அம்மா. விற்றால் பிழைப்பு ஏது?

மறுநாள் அப்பாவுடன் நானும் வேறொரு பட்டறைக்குச் சென்றேன்.

"உஸ்தாத், கேஸ் நிரப்ப வேண்டும்" என்றார் அப்பா.

அந்த முதியவர் மறுத்தார். "அண்ணா, இது என்ன டீசலா, எரிந்து தீர்வதற்கு? மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருந்தால், எங்கோ வெளியேறுகிறது. முதலில் அந்த இடத்தைப் பார்ப்போம்." அவர் பேசியது இந்தி, 'அண்ணா' மட்டுமே அவர் அறிந்த தமிழ்.

"ஏசி ஓடும்போது வண்டிக்கடியில் நீர் சொட்டுமே, அதுதானே கசிவு?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து வடியும் நீர் அது; சொட்டினால் நல்லதுதான். கசியும் வாயு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வாயுவோடு சிறிது எண்ணெயும் சுற்றிவரும். கசியும் இடத்தில் அந்த எண்ணெய் வெளிப்பட்டு, அதன்மேல் புழுதி ஒட்டும். நான் டார்ச் பிடித்தேன். முன்புறமுள்ள கண்டென்சரோடு குழாய் சேருமிடத்தில் கரிய பிசுக்கு படிந்திருந்தது.

குழாய்க்குள் நைட்ரஜனை அழுத்தத்துடன் செலுத்தி, அவ்விடத்தில் சோப்பு நுரையைத் தடவினார். குமிழ்கள் பொங்கின. உள்ளிருந்த ரப்பர் வளையம் பல கோடைகளின் வெப்பத்தில் இறுகி வெடித்திருந்தது. சில ரூபாய் பெறும் பொருள்! புதியதை மாற்றியதும் அப்பா பணத்தை எடுத்தார். உஸ்தாத் அழுத்தமானியைச் சுட்டினார். அரை மணியில் முள் சற்றே இறங்கியிருந்தது.

மீண்டும் தேடினோம். கேஸ் நிரப்பும் வாய்க்கு மூடி இல்லாததை நான்தான் கண்டேன். முன்பு நிரப்பியவர் எவரோ அதைத் திரும்பப் பொருத்தவில்லை. நுரை தடவியதும், வால்விலிருந்து ஒவ்வொன்றாகக் குமிழ்கள் எழுந்தன. வால்வை மாற்றி, மூடியையும் இட்ட பிறகு முள் அசையவே இல்லை.

காற்றும் ஈரமும் நீங்கும்வரை பம்பு வைத்து உறிஞ்சிய பின்னரே, ஆர்-134ஏ என்னும் வாயுவை எடைபோட்டு நிரப்பினார். அவ்வாயு ஓசோன் படலத்தை அழிப்பதில்லை. ஆயினும் புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலிமை உடையது. ஆண்டுதோறும் காசு கொடுத்து நாங்கள் அதைத்தான் காற்றில் கலக்கவிட்டிருக்கிறோம். அப்பா நெடுநேரம் பேசவில்லை.

மாலையில் சன்னல்களை ஏற்றிவிட்டு வீடு திரும்பினோம். வாசலில் வண்டிக்கடியில் நீர் சொட்டியது.

"ஐயோ, இன்னும் ஒழுகுகிறதே!" என்று பதறினார் அம்மா.


"சொட்டட்டும் அம்மா" என்றேன்.