மணி ஒலித்தால் வருபவர் யார்?

தோட்டப்புற லயன்களில் வாழ்ந்த மக்களுக்கு அண்டை வீட்டாரின் கண்ணே காவலாய் இருந்தது. அயலான் ஒருவன் நுழைந்தால் பத்து வீடுகளுக்கும் தெரிந்துவிடும். தோட்டங்களை விட்டு நகர்ப்புறத் தாமான்களில் குடியேறிய குடும்பங்களோ இரும்புக் கம்பிக் கதவுகளுக்குப் பின்னே வாழப் பழகின. பெற்றோர் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றபின், பல வீடுகள் பகலெல்லாம் ஆளின்றிக் கிடக்கின்றன. அந்த வெறுமையை நிரப்பவே அபாய மணியை விலைக்கு வாங்குகின்றனர்.

அபாய மணி புதுமைப் பொருளன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் 1853-ஆம் ஆண்டிலேயே மின்சார அபாய மணிக்குக் காப்புரிமை பெற்றார். கதவு திறந்தால் மணி ஒலிக்கும் என்பதே அதன் தத்துவம். இன்று கதவில் ஒரு காந்தமும் நிலையில் ஒரு விசையும் பொருத்தப்படுகின்றன; இரண்டும் விலகினால் ஒலி எழுகிறது. கருவி மாறினும் கடமை மாறவில்லை. அது திருடனைப் பிடிப்பதில்லை, பிறரை அழைக்கிறது. ஆகவே, வாங்குவோர் முதலில் கேட்க வேண்டியது விலையன்று. மணி ஒலித்தால் வருபவர் யார் என்பதே.

அடிக்கடி பொய்யாய் ஒலிக்கும் மணிக்கு எவரும் வருவதில்லை. அறைக்குள் நடமாட்டத்தை அறியும் உணர்கருவி, நகரும் உடலின் வெப்பத்தைக் கண்டு இயங்குவது. அதன் முகப்பில் ஒரு பல்லி ஊர்ந்தாலும் போதும், ஊரே விழித்துக்கொள்ளும். அறையின் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும்போது அதன் கூர்மையும் குறையக்கூடும். வெப்ப நாட்டில் வாழ்வோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெப்பத்தையும் நுண்ணலையையும் ஒருங்கே சோதித்து, இரண்டும் உடன்பட்டாலன்றி ஒலிக்காத கருவிகளும் உள்ளன.

வீட்டில் முதியவர் இருப்பின், அவர் கைக்கு எளிதாக அமைவதே நல்ல கருவி. இரவில் நீர் அருந்த எழுந்த பாட்டி ஒருமுறை மணியை ஒலிக்கச் செய்துவிட்டால், மறுநாள் முதல் அதனை முடுக்கவே அஞ்சுவார். அறைகளை விடுத்துக் கதவு, சன்னல்களை மட்டும் காக்கும் வசதி அத்தகைய இல்லங்களுக்கு இன்றியமையாதது.

கடைக்கோ தேவை வேறு. நகைக்கடைக்கு ஆபத்து பட்டப்பகலிலும் வரும். கல்லாவின் கீழே, ஓசையின்றிச் செய்தி அனுப்பும் பொத்தான் அங்கே உயிர்காக்கும். சுவரையும் கூரையையும் உடைத்து நுழைவோரை வாயிற்கதவின் காந்தம் அறியாது; அதற்கு அதிர்வை உணரும் கருவி வேண்டும்.

அழைப்பு செல்லும் வழியையும் ஆராய்தல் நன்று. மின்சாரம் துண்டிக்கப்பட்டாலும் இயங்க மின்கலம் தேவை. சிங்கப்பூரில் 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 2ஜி சேவை நிறுத்தப்பட்டது. மலேசியாவில் 3ஜி சேவை 2021-ஆம் ஆண்டின் இறுதியோடு முடிவுற்றது. அவற்றை மட்டுமே நம்பிய கருவிகள் சுவரில் தொங்கியபடியே ஊமையாயின. மாதம் ஒருமுறை சோதித்துப் பாராதவர் அதனை எவ்வாறு அறிவார்?

கட்டணம் பெறும் கண்காணிப்பு நிலையமும் தொலைவிலிருந்தே செயற்படுகிறது. அடுத்த வீட்டாரோ சில அடித் தொலைவில் இருக்கின்றனர். கருவியைப் பொருத்தும் நாளிலேயே அவர்களிடம் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, அவர்களது எண்ணையும் பெற்றுக்கொள்ளும் குடும்பமே, வாங்கிய மணிக்கு முழுப் பயன் காண்கிறது.