மூலைச் செங்கற்கள்

மொன்றியலில், பார்க் எக்ஸ்ரென்ஷன் பல்கனியில் முக்காலியை நிறுத்தி, அப்பாவின் யாஷிகா மாட் கமராவால் எதிர்ச் செங்கல் சுவரை எட்டுப் படங்கள் எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் துவாரத்தைச் சுருக்கினேன். எஃப் 3.5இல் மூலைச் செங்கற்கள் கரைந்திருந்தன. 8இலும் 11இலும் சாந்துக்கோடுகூடத் துல்லியம். 32இல், சிறுதுளையில் ஒளி விலகிப் பரவி, முழுப்படமும் மங்கல்.

வில்லை நல்லதுதான். அப்படியென்றால் அப்பம்மாவின் ஒரேயொரு படத்தில் யாழ்ப்பாணத்து வீடு ஏன் கலங்கிக் கிடக்கிறது?

"பின்னேரம் தம்பி, வெளிச்சமில்லை. அம்மா ஆடாமல் இருக்கமாட்டா. முழுசாத் திறந்துதான் எடுத்தனான்," என்றார் அப்பா.

அந்த வீடு இப்போது இல்லை. படத்தில் அப்பம்மாவின் கண்கள் மட்டும் கூர்மை.

12 படச் சுருளில் நாலு மிச்சம். அப்பாவை யன்னலோரம் இருத்திவிட்டு, துவாரத்தை 3.5க்குத் திருப்பினேன்.