கியர் லீவரில் ஏறி வரும் நடுக்கம்

பெரகலைச் சந்தியில் கொழும்பு வீதியை விட்டு அப்புத்தளைக்கு ஏறத் தொடங்கினால் நாலாம் கியருக்கு அதிகம் வேலை இருக்காது. இரண்டு, மூன்று, மறுபடி இரண்டு என்று வளைவுக்கு வளைவு மாற்றிக்கொண்டே போக வேண்டும். அப்புத்தளை 1400 மீற்றருக்கு மேல் இருக்கிறது. அங்கிருந்து பண்டாரவளை, ஹாலி-எல வழியாகப் பதுளைக்கு வந்து சேர்வதற்குள் அந்த உயரத்தில் பாதி போய்விடும். ஏறினாலும் இறங்கினாலும் சாரதியின் இடது கை கியர் லீவரை விட்டு அதிக நேரம் விலகாது. ஊவா மலைப்பக்கத்துச் சாரதிமார் வண்டியின் சுகம் விசாரிப்பது அந்த உள்ளங்கையால்தான். தோட்டத்து லொறியானாலும் இ.போ.ச. பஸ்ஸானாலும் இதில் வித்தியாசம் இல்லை.

பண்டாரவளையில் ஓய்வுபெற்ற டீமேக்கர் ஒருவர் அறுபதுகளில் வந்த ஒஸ்டின் மினி ஒன்றை இன்னும் ஓட்டுகிறார். கொழுந்து அரைக்கும் ரோலரின் மேல் கையை வைத்தே உள்ளே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர். "கியர்ல கை வச்சா கூசுது தம்பி. முன்ன இப்பிடி இல்ல. இந்த நடுக்கம் எங்கயிருந்துதான் வருது?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. தேடத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கேள்வியின் ஆழம் புரிந்தது.

மினி பார்வைக்குச் சிறிய குடும்பக் கார். 1959இல் அலெக் இசிகோனிஸ் அதை வடிவமைத்தார். 1961இல் ஜோன் கூப்பரின் பெயரோடு வந்த வேக வடிவம் மொண்டே கார்லோ ராலியை 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் வென்றது. இடத்தை மிச்சப்படுத்த இசிகோனிஸ் இன்ஜினைக் குறுக்காக வைத்து, கியர்ப்பெட்டியை அதன் அடியில், ஒயில் தொட்டிக்குள்ளேயே அடக்கினார். இன்ஜினுக்கும் கியருக்கும் ஒரே ஒயில். முதல் மினிகளின் கியர் லீவர் முன்பக்கத் தரையிலிருந்து வளைந்து எழும் நீண்ட இரும்புக் கம்பி. அதன் கீழ்முனை நேரே கியர்ப்பெட்டிக்குள் போகிறது. இன்ஜின் அசைந்தால் கியர்ப்பெட்டி அசையும், கியர்ப்பெட்டி அசைந்தால் கம்பி அசையும். அடியில் ஓர் அங்குலம் என்றால் நுனியில் அது பல அங்குலம். கூப்பர் வடிவத்தில் லீவர் குட்டையாகிக் கைக்கு அருகில் வந்தபோதும் அதைத் தாங்கிய உறை கியர்ப்பெட்டியோடுதான் போல்ட் பூட்டப்பட்டிருந்தது. லீவரின் உறையைத் தனியே பிரித்து, காரின் உடலோடு இறப்பர் வைத்துப் பொருத்தும் முறை 1973இல்தான் மினிக்கு வந்தது.

இன்ஜின் ஏன் நடுங்குகிறது? நாலு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும் இன்ஜினில் இரண்டு பிஸ்டன் மேலே போகும்போது இரண்டு கீழே வரும். ஆகவே ஒன்றையொன்று சமன் செய்துவிடும் என்று தோன்றும். பெரும்பகுதி உண்மைதான். ஆனால் கிராங்கோடு சாய்ந்து சுழலும் கனெக்டிங் ரொட் காரணமாக, பிஸ்டனின் வேகம் பாதையின் மேல்பாதியில் ஒருவிதமாகவும் கீழ்ப்பாதியில் வேறுவிதமாகவும் மாறுகிறது. அந்தச் சிறிய வேறுபாடு நாலு பிஸ்டன்களிலும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் கூடிவிடும். கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் இன்ஜின் இரண்டு முறை மேலும் கீழும் உதறுகிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் செக்கனுக்கு 100 உதறல்.

இதை அடக்க வழி உண்டு. கிராங்கைவிட இரு மடங்கு வேகத்தில் எதிரெதிராகச் சுழலும் இரண்டு தண்டுகளைப் பொருத்தினால் போதும் என்று ஆங்கிலேயரான பிரெடரிக் லான்செஸ்டர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்திருந்தார். எழுபதுகளில் மிட்சுபிஷி அந்த யோசனையை மெருகேற்றித் தன் கார்களில் பொருத்தியது. போர்ஷே போன்ற பெயர் பெற்ற நிறுவனமே 1982இல் தன் 944 காருக்காக மிட்சுபிஷியிடம் உரிமம் பெற்றது. பந்தயத்துக்கு வண்டி தயார் செய்கிறவர்களோ அதே மிட்சுபிஷியின் லான்சர் எவலூஷன் இன்ஜினிலிருந்து அந்தத் தண்டுகளைக் கழற்றிவிடுவது உண்டு. பாரம் குறையும், நடுக்கம் கூடும். அது அவர்களுக்குப் பொருட்டே இல்லை.

உள்ளங்கைக்கும் இதில் பங்கு இருக்கிறது. தோலுக்கு அடியில் அதிர்வை உணரும் நுண்ணிய உறுப்புகள் உள்ளன. இத்தாலியரான பிலிப்போ பச்சினியின் பெயரால் அவை அழைக்கப்படுகின்றன. செக்கனுக்கு 250 அளவிலான அதிர்வுக்கே அவை மிகக் கூர்மையாக விழித்துக்கொள்ளும். 7500 சுற்றில் பாடும் நாலு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜின் எழுப்புவது சரியாக அந்த அதிர்வைத்தான். வேகக் கார் ஓட்டுகிறவர்கள் மீட்டரைப் பார்க்காமலே கியர் மாற்றும் நேரத்தை அறிவதாகச் சொல்வதை இனி நான் சந்தேகிக்க மாட்டேன்.

டீமேக்கரின் மினிக்குக் காரணம் கண்டுபிடித்தவர் பதுளை வீதியில் கராஜ் வைத்திருக்கும் முதிய பாஸ். காரின் சத்தத்தைக் கேட்டதும் பொனட்டைத் திறக்கவில்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, முதலாம் கியரில் போட்டு, கிளச்சை மெல்ல விட்டார். கியர் லீவர் பின்னுக்குத் துள்ளி விழுந்தது. "இன்ஜின் ஆடுது. கியர்ல ஒண்ணுமில்ல" என்றார். பிறகுதான் பொனட் திறந்தது. இன்ஜினின் மேற்பக்கத்தைக் காரின் சுவரோடு பிணைக்கும் ஒரு சாண் நீளக் கம்பியைக் காட்டினார். அதன் இரு முனைகளிலும் இறப்பர் புஷ். குறுக்காக நிற்கும் இன்ஜின் முறுக்கம் ஏறும்போது முன்னும் பின்னும் சாயாமல் பிடித்து வைப்பது அந்தக் கம்பிதான். கழற்றி உள்ளங்கையில் வைத்த புஷ் ஒரு பெரிய பட்டனை விடப் பெரிதில்லை. ஒயில் குடித்து ஊதிப் போயிருந்தது. விரலால் அமுக்கியதும் கறுப்பு மையாக ஒட்டிக்கொண்டு, நடுவில் வாய் பிளந்தது. கம்பி அதற்குள் வெறும் இரும்போடு இரும்பாக உரசிக்கொண்டிருந்திருக்கிறது.

முதலில் கிடைத்த கடினமான புஷ்ஷைப் போட்டார். லீவரின் துள்ளல் நின்றது, ஆனால் கூச்சம் இரட்டிப்பானது. மென்மையானதைப் போட்டதும் கூச்சம் அடங்கியது, துள்ளல் கொஞ்சம் திரும்பி வந்தது. கை உணர்வு என்று ஸ்போர்ட்ஸ் கார் உலகம் பேசும் எல்லாமே இந்தப் பேரத்துக்குள் அடங்கியிருக்கிறது என்பேன். இறப்பர் இளகினால் கியர்ப்பெட்டி சொல்வது கைக்கு எட்டாது. இறுகினால் இன்ஜின் போடும் சத்தமெல்லாம் சேர்ந்து வந்துவிடும்.

கியர்ப்பெட்டிக்கும் சொல்ல விஷயம் இருக்கிறது. லீவரைத் தள்ளும்போது உள்ளே வில் அமுக்கிய ஒரு இரும்புக் குண்டு ஒரு பள்ளத்திலிருந்து மேடேறி அடுத்த பள்ளத்தில் விழுகிறது. கைக்குத் தெரியும் அந்த 'க்ளிக்' அதுதான். அதற்கு முன் ஒரு சிறு தயக்கம் தட்டும். வேறு வேறு வேகத்தில் சுழலும் இரண்டு பாகங்களை ஒரு கூம்பு வளையம் உரசி ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும் தருணம் அது. அந்த வளையத்தை, அதாவது சின்க்ரோமெஷ் முறையை, கார்களில் முதலில் கொண்டுவந்தது 1928இல் கடிலாக். மினியின் முதலாம் கியருக்கு அது 1968இல்தான் கிடைத்தது. அதுவரை ஏற்றத்தின் நடுவில் முதலாம் கியருக்கு இறங்க வேண்டுமானால், பழைய லொறிச் சாரதிமாரைப் போல 'டபிள் கிளச்' போட்டாக வேண்டும். கிளச்சை மிதித்து நியூட்ரல், விட்டு ஒரு அக்சிலேட்டர் அமுக்கல், மறுபடி மிதித்து கியர். பற்கள் சேரும் நொடியைக் கையால் அறிந்தவருக்கே அது வசப்படும்.

பந்தயத்தில் இந்த உணர்வு எவ்வளவு தேவை என்பதைப் பார்க்க ஊவாவை விட்டுப் போக வேண்டியதில்லை. தியத்தலாவையில் பொக்ஸ் ஹில் என்றொரு மலை உண்டு. எச்.எம்.எஸ். பொக்ஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் மாலுமிகள் அதன் சரிவில் வெள்ளைக் கற்களால் ஒரு நரியின் உருவத்தை அமைத்தார்கள். பெயர் அப்படி வந்தது. அங்குள்ள மண் தடத்தில் இராணுவ அக்கடமியின் ஆதரவில் நடந்த பந்தயங்களில், நம் வீதிகளில் வீட்டுக் காராகத் திரிந்த போர்ட் லேசரும் மஸ்தாவும் தனிப் பிரிவாக ஓடியிருக்கின்றன. புழுதியில் சக்கரம் பிடி இழப்பதும் மீண்டும் மண்ணைக் கவ்வுவதும் முறுக்கமாகத் திரும்பி வந்து லீவரைத் தொடும். 2024 ஏப்ரல் 21 அன்று அங்கே தடம் விலகிய ஒரு கார் பார்வையாளர்களுக்குள் பாய்ந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் ஒருவர் எட்டு வயதுச் சிறுமி. பொக்ஸ் ஹில்லைப் பற்றி எழுதும் எவரும் அதைச் சொல்லாமல் கடக்கக் கூடாது. வேகத்தை நேசிக்கும் நாம், தடத்தின் ஓரத்தில் நிற்பவர்களின் உயிருக்கும் பொறுப்பாளிகள்.

உலகத்தின் பெரிய கார்க் கம்பனிகளும் இதே புஷ் பேரத்தைத்தான் பேசிக்கொண்டிருக்கின்றன. 1989இல் வந்த மஸ்தா எம்எக்ஸ்-5இன் லீவர் கியர்ப்பெட்டியின் மேலேயே நிற்கிறது. பெட்டியையும் பின்பக்க டிபரன்சலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் இறுகப் பிணைத்து, முறுக்கம் ஏறும்போது லீவர் ஆடாமல் பார்த்துக்கொள்கிறது. தோஷிஹிகோ ஹிராயின் குழு செய்த வேலை அது. குட்டையான, நேரடியான கியர் மாற்றம் என்றதும் இன்றும் பலர் அந்தக் காரைத்தான் நினைக்கிறார்கள். போர்ஷே 2016இல் 991 கார்கள் மட்டுமே செய்த 911 ஆர் மாதிரிக்கு, பாரம் குறைந்த ஒற்றைத் துண்டு பிளைவீலை விரும்பினால் தனியே கேட்டு வாங்கலாம். அதைப் போட்டால் நியூட்ரலில் நிற்கும்போது கியர்ப்பெட்டி கடகடவென்று உதறும். அந்த உதறலோடுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கியவர்கள் இருந்தார்கள். கியரே இல்லாத மின்சாரக் காரான ஹயுண்டாய் அயோனிக் 5 என், கியர் மாறும்போது வரும் குலுக்கலைத் தன் மோட்டாரை வைத்தே போலியாக உண்டாக்குகிறது.

இன்ஜினைத் தாங்கும் அந்த இறப்பர் எங்கிருந்து வந்தது? இன்ஜினை இறப்பர் மேல் மிதக்கவிட்டு நடுக்கத்தை உள்ளேயே அடைத்து வைக்கும் முறையை 1931இல் கிறைஸ்லர் தன் பிளிமத் காரில் பெரும் விளம்பரத்தோடு கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே சிட்ரோயன் அதற்கு உரிமம் வாங்கியது. மினியிலோ ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்திலும் இறப்பர்தான். அந்த இறப்பர்க் கூம்பை உருவாக்கிய அலெக்ஸ் மோல்டனின் பூட்டனார் ஸ்டீபன் மோல்டன்தான் குட்இயரின் பதப்படுத்திய இறப்பர் மாதிரிகளை அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவர்.

அதற்கும் பின்னால் போனால் தேடல் நம் நாட்டுக்கே வந்து நிற்கிறது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அந்தக் கன்றுகளில் பெரும்பகுதி, 1900க்கு மேல், அதே ஆண்டில் இலங்கைக்குக் கப்பலேறி கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்கள் பலவற்றுக்கு அங்கேதான் வேர். ஊவாவிலும் இறப்பர் இருக்கிறது. பசறையிலிருந்து மொனராகலைப் பக்கம் இறங்கும்போது தேயிலை பின்வாங்கி, பதல்கும்புரைப் பக்கத்தில் இறப்பர் மரங்கள் வரிசை கட்டுகின்றன. வெயில் ஏறுமுன் பால்வெட்டு நடக்கிறது. சிரட்டையில் சொட்டிய பாலைச் சேர்த்து, அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் தட்டையாக்கிப் புகையில் காயவைக்கிறார்கள்.

செயற்கை இறப்பர் எத்தனையோ வந்துவிட்டன. ஒயிலைத் தாங்குவதில் அவை பல படி மேல். ஆனால் இலட்சக்கணக்கான முறை நசுங்கி நிமிர்ந்த பிறகும் கிழியாமல் நிற்பதில் மரத்துப் பாலுக்கு நிகர் குறைவு. அதனால்தான் இன்ஜினைத் தாங்கும் மவுண்டுகளுக்கு இன்றும் பெரும்பாலும் இயற்கை இறப்பரையே தேர்ந்தெடுக்கிறார்கள். இப்போது டீமேக்கரின் மினியில் இருப்பதும் இயற்கை இறப்பர் புஷ்தான், மென்மையான வகை. ஒயில் ஒழுகும் கவர் கேஸ்கட்டை மாற்றிய பிறகே பாஸ் அதைப் போட்டுக் கொடுத்தார்.