சாளரம் திறந்திருக்கட்டும்

கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் கொழித்த காலத்தில், என் தந்தையார் கட்டிய பலகை வீட்டில் வளர்ந்தவன் நான். விடிந்ததும் சாளரங்களைத் திறப்பதே அங்கு முதல் வேலை. "வீடும் மூச்சு விட வேண்டுமடா" என்பார் அவர். அச்சொல்லின் ஆழம், அண்மையில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ரேடான் வாயுவைப் பற்றிக் கூறப் புகுந்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

மண்ணிலும் பாறையிலும், சிறப்பாகக் கருங்கல்லில், சிறிதளவு யுரேனியம் உண்டு. அது படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியம் சிதைந்து ரேடானாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. தரையின் வெடிப்புகள் வழியே நுழைந்து அடைபட்ட அறைகளில் தேங்குகிறது. 3.8 நாளில் அதிற் பாதி சிதைந்துவிடும். எனினும், அச்சிதைவில் பிறக்கும் நுண்துகள்கள் நுரையீரலில் படிந்து புற்றுநோய்க்கு வித்திடுகின்றன.

1984ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், அணுமின் நிலையமொன்றில் பணியாற்றிய ஸ்டான்லி வாட்ராஸ் என்னும் பொறியாளர் கதிர்வீச்சுக் கருவியைக் கடந்தபோது அபாய மணி ஒலித்தது. நிலையமோ இன்னும் மின்னுற்பத்தியைத் தொடங்கவில்லை. ஆராய்ந்தபோது, கேடு அவர் குடியிருந்த வீட்டிலேயே இருந்தது! 2009இல் உலக சுகாதார நிறுவனம், வீட்டுக் காற்றில் கன மீட்டருக்கு 100 பெக்கரலுக்கு மேற்படாதிருத்தல் நன்று எனப் பரிந்துரைத்தது.

இவற்றைக் கூறி முடித்ததும் மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"ஐயா, இது எல்லாரையும் ஒரே அளவில் தாக்குமா?"

"இல்லையம்மா. புகைப்பவர்களுக்கு ஆபத்து ஏறத்தாழ 25 மடங்கு என்று கணித்திருக்கிறார்கள்."

வாய் விடை சொல்லிற்று. கையோ சட்டைப்பையிலிருந்த சிகரெட் பெட்டியை மறைத்தது. அவள் பார்வை அக்கையின்மேல் நின்றது. ஒன்றும் பேசாமல் அமர்ந்தாள். என் ஆசிரிய வாழ்வில் அத்துணைக் கடுமையான தேர்வை நான் எழுதியதில்லை.

அன்று மாலை வீடு திரும்பினேன். இப்போது எங்களுடையது கல்வீடு. குளிர்சாதனத்துக்காக எந்நேரமும் அடைத்தே வைத்திருப்போம். உள்ளறையில் பேரன் உறங்கிக்கொண்டிருந்தான். அவ்வீட்டில் ரேடான் உண்டா என்பது அளந்து பார்த்தாலன்றித் தெரியாது. புகை உண்டு என்பதை அறிய எந்தக் கருவியும் வேண்டியதில்லை.

சாளரங்களைத் திறந்தேன். பெட்டியைக் குப்பையில் எறிந்தேன். ஐந்து திங்கள் கடந்துவிட்டன. இடையில் இருமுறை தவறினேன் என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆசிரியர்களே, நாம் கரும்பலகையில் எழுதுவதை மாணவர்கள் படிக்கிறார்கள். நம் சட்டைப்பையையும் சேர்த்தே படிக்கிறார்கள்.